ஒரே பிரஷர், அண்ணனுக்கு மட்டும் இதயம் ஏன் தடித்தது?

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதயம் பெரிதாவதில் பரம்பரைக்குப் பங்கு உண்டா? வாசகர்களின் கேள்விகளுக்கு இதயநோய் மருத்துவர்கள் பதில் அளிக்கிறார்கள்.

எனக்கும் அண்ணனுக்கும் பத்து வருஷமாக பிரஷர். இருவருக்கும் 150/95 பக்கம்தான். எக்கோவில் அண்ணனுக்கு இதயச் சுவர் 14 மி.மீ., எனக்கு 10. இது எப்படி?

இரண்டு விஷயங்களை ‘இதயம் பெரிதாகிவிட்டது’ என்ற ஒரே வார்த்தையால் சொல்கிறோம். அறை விரிந்து தொளதொளவென்று ஆவது ஒன்று. அறை அப்படியே இருக்க, சுவர் தடிப்பது மற்றொன்று. பிரஷரில் பெரும்பாலும் முதலில் வருவது இரண்டாவதுதான். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளும் இடது கீழறை, எதிர்ப்பு கூடியதும் தன் சுவரைத் தடிமனாக்கிக்கொள்கிறது. தசைச் செல்களின் எண்ணிக்கை அதிகம் கூடுவதில்லை. இருக்கும் செல்கள் பருக்கின்றன, இடையில் நார்த்திசு சேர்கிறது. பிற்பாடு தொல்லை தருவது அந்த நார்த்திசுதான். சுவர் விறைத்து, ரத்தம் நிரம்ப இடம் கொடுக்காது.

‘தடித்துக்கொள்’ என்று அழுத்தம் இடும் கட்டளைக்கு எவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிவது என்பதில் மரபணுக்கள் தலையிடுகின்றன. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் குடும்ப ஆய்வில், வயது, எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், இடது கீழறை எடையில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பரம்பரையால் வந்தது எனக் கணித்தார்கள். இது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அண்ணனின் 4 மி.மீ. வித்தியாசத்தில் ஒரு மி.மீ. மரபணுவால் வந்தது என்று இதைப் படிக்கக் கூடாது.

உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுக்களைத்தான் பகிர்கிறார்கள். ஆனாலும் பழியைப் பரம்பரை மேல் போடுவதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் இருவருக்கும் 150 இருக்கலாம். இரவில் உங்களுக்கு இறங்கி, அவருக்கு இறங்காமல் இருக்கலாம். 24 மணி நேரப் பதிவு எடுத்தால் தெரிந்துவிடும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, உடல் பருமன், உப்பு, கிட்னி பாதிப்பு, அட்ரினல் சுரப்பியில் ஆல்டோஸ்டிரோன் (உடம்பில் உப்பைத் தேக்கும் ஹார்மோன்) மிகுதி என எல்லாமே சுவரைத் தடிக்க வைக்கும்.

எக்ஸ்-ரேயில் இதயம் சரியான அளவில் இருப்பதாகச் சொன்னார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

வேண்டாம். சுவர் உள்நோக்கித் தடித்தால் நிழலின் அளவு மாறாது. ஈ.சி.ஜி.யும் பல தடிப்புகளைத் தவறவிடும். எக்கோதான் சரியான பரிசோதனை.

சென்ற வருடம் எக்கோ ‘நார்மல்’, இந்த வருடம் ‘தடிப்பு’ என்கிறது. பிரஷர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. எதை நம்புவது?

ரிப்போர்ட்டில் எல்.வி. மாஸ் இண்டெக்ஸ் (உடல் பரப்போடு ஒப்பிட்ட இடது கீழறை எடை) என்ற வரியைப் பாருங்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு ஆண்களுக்கு 115 கிராமுக்கு மேல், பெண்களுக்கு 95-க்கு மேல் போனால் தடிப்பு. இந்த எண்ணை மெஷின் நேரடியாக அளப்பதில்லை. அறையின் அகலம், நடுச்சுவர், பின்சுவர் மூன்றையும் கூட்டி, அந்தத் தொகையின் கனத்திலிருந்து (ஓர் எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்குவது) அறை அகலத்தின் கனத்தைக் கழித்துக் கணக்கிடுகிறது. அங்கேதான் சிக்கல். அறை 48 மி.மீ., சுவர்கள் தலா 11 மி.மீ. என்றால் எடை 194 கிராம். கர்சரை ஒரு மி.மீ. தள்ளி வைத்து இரு சுவர்களையும் 12 என்று அளந்தால் 219 கிராம். உடல் பரப்பு 1.8 சதுர மீட்டர் உள்ள ஆணுக்கு முதல் அளவில் இண்டெக்ஸ் 108, இரண்டாவதில் 122. இதயம் மாறவே இல்லை, ரிப்போர்ட் மட்டும் மாறிவிட்டது. ஆகவே முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், மூன்று அளவுகளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். உங்கள் உயரமும் எடையும் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உடல் பரப்பு அதிலிருந்துதான் வருகிறது.

‘ஏ.சி.ஈ. ஜீன்’ பரிசோதனை செய்தால் இதயம் தடிக்குமா என்று முன்கூட்டியே தெரியும் என விளம்பரம் வருகிறது. எடுக்கலாமா?

பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஏ.சி.ஈ. என்பது ரத்தக்குழாய்களைச் சுருக்கும் பொருளை உருவாக்கும் நொதி. அதற்கான மரபணுவில் 287 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இராது. இரு பிரதிகளிலும் அது இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் ஏ.சி.ஈ. நொதி அதிகம் என்று 1990-இல் கண்டார்கள். அதே நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் தடிப்பைக் குறைப்பதால், இந்த வகை மரபணு உள்ளவர்களுக்குத் தடிப்பு அதிகம் வரும் என்று எதிர்பார்த்தது நியாயம்தான். 1994-இல் வந்த ஓர் ஆய்வு ஆமாம் என்றது. 1996-இல் ஃபிரேமிங்ஹாம் குடும்பங்களில் எக்கோ வைத்துப் பார்த்தபோது தொடர்பு தெரியவில்லை. அந்தச் சுருக்கும் பொருளின் மூலப்புரதமான ஆஞ்சியோடென்சினோஜன், ஆல்டோஸ்டிரோன் தயாரிக்கும் நொதி போன்றவற்றின் மரபணுக்களிலும் கதை ஏறக்குறைய இதேதான்: ஓர் ஆய்வில் தெரியும், அடுத்ததில் மறையும். ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள இடங்களே மரபணுத் தொகுதியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் துளியளவு. ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் இதயத்துக்கு ஜாதகம் கணிக்க முடியாது. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்பது இன்னொரு காரணம்.

என் பிரஷர் 140/90 தான், ஆனால் நடுச்சுவர் 17 மி.மீ. அப்பா 42 வயதில் திடீரென்று இறந்தார். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இதுவும் பிரஷரால்தானா?

மரபணுப் பரிசோதனைக்கு இடமிருப்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். பிரஷரால் வரும் தடிப்பு 15 மி.மீ.யைத் தாண்டுவது அபூர்வம். இவ்வளவு குறைந்த அழுத்தத்துக்கு 17 என்பது பொருந்தவில்லை. அப்பாவின் மரணத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஹைபர்டிராஃபிக் கார்டியோமயோபதி என்ற பரம்பரைத் தசை நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 500 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடிய நோய் இது. எம்.ஒய்.எச்.7, எம்.ஒய்.பி.பி.சி.3 ஆகிய இரு மரபணுக்களில்தான் பிழை அதிகம் காணப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இந்த நோயும் பிரஷரும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம்.

முதலில் இதய எம்.ஆர்.ஐ. எடுத்து, தடிப்பு ஒரு பக்கமாக இருக்கிறதா, தழும்பு உண்டா என்று பாருங்கள். மரபணுப் பரிசோதனையை உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும், பிள்ளைகளிடமிருந்து அல்ல. பலர் செய்யும் தவறு இது. உங்களிடம் நோய்க்குக் காரணமான பிழை உறுதியானால், அதே பிழையைப் பிள்ளைகளிடம் தேடலாம். அந்தப் பிழை இல்லாத பிள்ளைக்குத் தொடர் பரிசோதனை தேவையில்லை. உங்களிடம் ஒன்றும் கிடைக்காவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல, பலருக்குக் கிடைப்பதில்லை. ‘பொருள் தெளிவற்ற மாற்றம்’ என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்த இரு நிலைகளிலும் பிள்ளைகளுக்கு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் தொடர வேண்டும்: சிறுவயதில் 1-2 வருடத்துக்கு ஒருமுறை, பெரியவர்களானபின் 3-5 வருடத்துக்கு ஒருமுறை.

சிறு வயது முதல் கை கால் எரிச்சல், வியர்வை குறைவு, சிறுநீரில் புரதம் இருந்தால் ஃபேப்ரி என்ற பரம்பரை நோயைச் சோதிக்க வேண்டும். அதற்கு நொதி மருந்து உண்டு. எக்கோவில் சுவர் தடித்திருந்தும் ஈ.சி.ஜி. அலைகள் சிறுத்திருந்தால், இதயத்தில் ஒருவகைப் புரதம் படியும் அமைலாய்டு நோயை நினைக்க வேண்டும். ஓடும்போதோ படியேறும்போதோ மயக்கம் வந்தால், பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிரஷர் மாத்திரைகளையும் இதயநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹைபர்டிராஃபிக் கார்டியோமயோபதியில் ரத்தம் வெளியேறும் பாதையில் அடைப்பு உள்ள வகையில், குழாய்களை விரிக்கும் அம்லோடிபின் போன்றவையும் நீர்மாத்திரைகளும் நிலைமையை மோசமாக்கலாம்.

சுவர் 13, 14 மி.மீ. என்று நடுவில் நிற்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்தி, எக்கோவைத் திரும்ப எடுங்கள். தடிப்பு இறங்கினால் குற்றவாளி அழுத்தம்தான் என்பது வலுப்படும்.

பரம்பரை என்றால் மாத்திரை எடுத்துப் பயன் உண்டா?

உண்டு. 80 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளிவந்த கணக்கில், இடது கீழறை எடையை லோசார்டன் வகை மாத்திரைகள் 13 சதவீதம், கால்சியம் தடுப்பான்கள் 11, ஏ.சி.ஈ. தடுப்பான்கள் 10, நீர்மாத்திரைகள் 8, பீட்டா தடுப்பான்கள் 6 சதவீதம் குறைத்தன. மாத்திரையின் வகையைவிட, அழுத்தம் உண்மையில் இறங்கியதா என்பதே முக்கியம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் லோசார்டன் வகை, ஏ.சி.ஈ. தடுப்பான் இரண்டையும் தவிர்க்க வேண்டும். பீட்டா தடுப்பானைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

வீட்டில் அளக்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை இதய மட்டத்தில் இருக்கட்டும். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாட்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களுக்குச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லை. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். தேவையில்லாமல் மாத்திரை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.