கொழுங்கண் அயிலையும் ஒரு வாசிப்பு வட்டமும்

அன்புள்ள அக்கா,

நான் உச்சிப்புளிக்காரன். மண்டபத்தில் வேலை. கல்லூரி நாட்களில் தொடங்கிய வாசிப்பு. நாவல், சிறுகதை தவிர வேறு எதையும் பெரிதாகத் தொட்டதில்லை. போன வருடம் நண்பர்கள் சேர்ந்து ராமநாதபுரத்தில் ஒரு வாசிப்பு வட்டம் ஆரம்பித்தோம். மாதம் ஒரு ஞாயிறு, இரவு எட்டு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை மாடியில் கூடுவோம். முதலில் நிறையப் பேர் வந்தார்கள். இப்போது ஐந்து பேர். ஒருவர் துப்பறியும் கதை மட்டும்தான் படிப்பார். கீழக்கரை நண்பர் ஒருவர் சீறாப்புராணம் தவிர வேறு பேசுவதில்லை. இன்னொருவருக்கு அறிவியல். மற்ற இரண்டு பேர் இலக்கியம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் போனைப் பார்க்கிறார்கள். இந்தக் கடற்கரையில் புத்தகம் பேச ஆள் கிடைப்பதே அரிது என்று தோன்றுகிறது. எல்லா வகையிலும் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்களுக்கு ஒரு பட்டியல் தருவீர்களா? வகைக்கு ஐந்து போதும். தரமில்லாத வாசிப்பில் இருப்பவர்களை எப்படி மேலே கொண்டுவருவது? மின்னூல் நல்லதா, அச்சு நூல் நல்லதா?

அன்புடன்
கே.

அன்புள்ள கே.,

‘இந்தக் கடற்கரையில் புத்தகம் பேச ஆள் கிடைப்பதே அரிது.’ இந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். கொஞ்ச காலமாகவே இதை வேறு வேறு ஆட்கள் சொல்லக் கேட்டு, மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் சின்ன விஷயங்கள். மின்னூலோ அச்சு நூலோ, எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் படியுங்கள். வட்டத்தில் ஆள் குறைந்ததற்கு வருத்தப்படாதீர்கள். ஐந்து பேர் தாராளம். பட்டியலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தரமில்லாத வாசிப்பு என்று ஒன்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரு மனிதரைப் பற்றி. அவரை மேலே கொண்டுவர வேண்டுமாம். அவர் உங்களிடம் கேட்டாரா? துப்பறியும் கதையை வருடக்கணக்கில் படித்தவருக்கு ஒரு பயிற்சி இருக்கும். எந்தத் தகவலை எழுத்தாளர் முன்னால் வைக்கிறார், எதை ஒளிக்கிறார், யார் சொல்வது முன்னுக்குப் பின் முரண் என்று பார்க்கிற கண் அவருக்கு இருக்கும். அந்தக் கண்ணை வைத்து உங்கள் வட்டம் இதுவரை என்ன செய்தது? 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலோடு போனது. அதில் எத்தனை பேர் போனார்கள் என்பதில் ஒரு நூல் சொல்வதும் இன்னொரு நூல் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. ஒரு மாதம் இந்தப் புயலைப் பற்றிக் கிடைக்கிற எல்லாவற்றையும், நினைவுக் குறிப்பு, பத்திரிகைக் கட்டுரை, வரலாறு என்று அவர் கையில் கொடுங்கள். டிக்கெட் வாங்கியவர் எத்தனை பேர், வாங்காமல் ஏறியவர் எத்தனை பேர் என்று அவர் கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்வியை உங்கள் இலக்கிய நண்பர்கள் கேட்க மாட்டார்கள்.

அடுத்து கீழக்கரை நண்பர். 5000 பாட்டுக்கு மேல் உள்ள ஒரு காப்பியத்தை ஒருவர் ஊறிப்போய்ப் படித்திருக்கிறார், அவர் பேசும்போது நீங்கள் போனைப் பார்க்கிறீர்கள். இது எனக்கு ஆறவே இல்லை. அதைப் பாடிய உமறுப்புலவருக்குக் கைகொடுத்த வள்ளல் சீதக்காதி உங்கள் நண்பரின் ஊர்க்காரர். நபியின் பிறப்பைச் சொல்லும் விலாதத்துக் காண்டத்தில் நாட்டுப் படலத்தை மட்டும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வருணிப்பது அரபு நாடு. பாட்டில் மழை பெய்கிறது, ஆறு வருகிறது, வயலில் நடவு நடக்கிறது, நெல் விளைகிறது. அங்கே உட்கார்ந்திருக்கிற அறிவியல் நண்பர் சும்மா இருப்பாரா? பாலையில் நெல் எப்படி என்று கேட்பார். கேட்கட்டும். நபியைப் பாடப் போகிற ஒரு புலவர் தனக்குத் தெரிந்த மண்ணின் செழிப்பையெல்லாம் அந்த நாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பாடத் தொடங்குகிறார். இதைக் காப்பிய மரபு என்று ஒருவர் சொல்வார், பக்தி என்று ஒருவர் சொல்வார், பூகோளப் பிழை என்று ஒருவர் சொல்வார். அன்றைக்கு யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

ஆள் இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். கலாம் தன் வரலாற்றில் இரண்டாம் உலகப் போர்க்கால ராமேசுவரத்தைச் சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர்தான். ரயில் நிற்காத நாட்களில் பத்திரிகைக் கட்டை ஓடுகிற வண்டியிலிருந்து வீசுவார்கள். அதைப் பொறுக்கி எடுத்து விற்றார்கள். அந்தச் சின்ன ஊரில் ஹிட்லர், காந்தி, ஜின்னா என்று பேசுகிறவர்கள் இருந்தார்கள். வீட்டில் நூலகம் வைத்திருந்த ஒருவர் அந்தப் பையனுக்குப் படிக்கப் புத்தகம் கொடுத்திருக்கிறார். ஆயிரம் பேரில் ஆள் இருந்தது. இன்றைக்குத் தங்கச்சிமடத்திலும் தேவிபட்டினத்திலும் ஏர்வாடியிலும் தொண்டியிலும் எத்தனை ஆயிரம் பேர் படிக்கத் தெரிந்தவர்கள்? நீங்கள் தேடுகிற ஆள் நீங்கள் படித்த நாவலையே படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு யாரும் தென்படவில்லை.

நான் பாம்பனில் ஆசிரியையாக இருந்தபோது அகநானூறு படித்துக்கொண்டிருந்தேன். எழுபதாவது பாட்டு. பரதவருக்கு வேட்டை வாய்த்திருக்கிறது. புலால் மணக்கும் சின்னக் குடியிருப்பில், குறுங்கண் வலையின் பயனைப் பாராட்டி, ‘கொழுங்கண் அயிலை’ மீனைப் பங்கு போடுகிறார்கள். உரையில் கொழுவிய கண்ணையுடைய அயிலை என்று போட்டிருந்தது. பாட்டை மறுபடி சொல்வதுதான் அது, வேறொன்றும் தெரியவில்லை. வாசலில் மீன் கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்த அக்காவிடம் அந்த நாலு வரியைப் படித்துச் சொன்னேன். அயிலை என்றால் நம் காணாங்கெளுத்தி என்றும் சொன்னேன். கேரளத்தில் இன்றும் அதை அயல என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் கூடையிலிருந்து ஒரு காணாங்கெளுத்தியை எடுத்தார். “டீச்சர், இங்க பாருங்க” என்று கட்டைவிரல் நகத்தைக் கண்ணின் ஓரத்தில் வைத்து மெதுவாக வழித்தார். கண்ணுக்கு முன்னும் பின்னும் கண்ணாடி மாதிரி ஒரு படலம். நகம் பட்டதும் வழுவழுவென்று நகர்ந்தது. “கொழுப்புத்தான் இது. கண்ணை மூடிக்கிட்டு இருக்கும், நடுவுல மட்டும் தொறந்திருக்கும்” என்றார். பிறகு ஒரு விளமீனை எடுத்து அதன் கண்ணில் நகத்தை ஓட்டினார். அதில் படலம் இல்லை. “இதுக்குக் கெடையாது. மடவையில ஒரு சாதிக்கு இருக்கும்.” அப்புறம் வலைக்குப் போனார். காணாங்கெளுத்திக்குப் பெரிய கண் வலை ஆகாது, தலை நுழைந்து செவுளில் மாட்டுகிற அளவு இருக்க வேண்டும், கண் சரியாக அமைந்த வலை என்றால் அன்றைக்கு ஊரே அந்த வலையைத்தான் பேசும் என்றார். பாட்டில் மீனுக்கு முன்னால் வலையைப் பாராட்டுவது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பல வருடம் கழித்து மீன்வள நூல் ஒன்றில் காணாங்கெளுத்தியின் அடையாளங்களைப் படித்தேன். கண்ணை மூடிய கொழுப்பு இமை என்று அந்த அக்கா காட்டியதையே எழுதியிருந்தது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருடம் உங்கள் மண்டபத்தில்தான் இருந்தது. அது பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் நிலையத்தின் மையம் ஒன்று இன்றும் இருக்கிறது. மண்டபத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கடல் பற்றி ஒரு அறிவியல் நூல்கூடத் தொடாமல் நெய்தல் பாட்டை ரசிக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? மீனைக் கையில் எடுத்துப் பார்க்காத ஒருவர் ‘கொழுங்கண்’ என்று எழுதியிருக்க முடியாது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு சங்கப் பாட்டும், ஒரு மீன்காரரும், ஒரு ஆராய்ச்சி நூலும் தேவைப்பட்டன. மூன்றில் எது இல்லாவிட்டாலும் அந்த வரி உரையில் இருந்தபடியே கிடந்திருக்கும்.

அதே பாட்டின் பின்பாதியில் பாண்டியரின் பழைய கோடி வருகிறது. தனுஷ்கோடி என்றுதான் உரைகாரர்கள் கொள்கிறார்கள். அங்கே ஆலமரத்தில் இரைந்துகொண்டிருந்த பறவைகளை இராமன் அருமறைக்காக அடக்கியதுபோல, தலைவியைப் பற்றிய ஊர்ப்பேச்சு அடங்கியது என்கிறாள் தோழி. காதல் பாட்டு, மீன்பிடித் தொழில், இராமகதை, ஊர் வம்பு எல்லாம் ஒரே பாட்டில் இருக்கிறது. இதை எந்த வகையில் போட்டு, ஐந்தில் ஒன்றாகப் பட்டியல் தருவது?

வகை என்பது புத்தகத்தை அலமாரியில் அடுக்குகிறவருக்கு வேண்டியது. எடுத்துப் படிக்கிறவருக்கு அது வாசல் பலகை மட்டும். சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூல்களை வகைப்படுத்த ஒரு முறையையே 1933-ல் உருவாக்கிக் கொடுத்தவர். அவரே அதற்கு இரண்டு வருடம் முன்பு எழுதிய நூலக விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று ஒரு விதி வைத்தார். அதற்காகவே அலமாரிகளைத் திறந்து போடச் சொன்னார், வாசகர் உள்ளே நடந்து தேடாத புத்தகத்தில் போய் முட்டிக்கொள்ளட்டும் என்று. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மீன்வள அதிகாரி 1914-ல் இந்தியச் சங்கைப் பற்றி எழுதிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கு குளிப்பவர்களின் தொழில் இருக்கிறது, வங்காளத்துச் சங்கு வளையல் இருக்கிறது, வழிபாடு இருக்கிறது. மீன்வளம் என்று ஒதுக்கிவிட்டால் கீழக்கரை நண்பர் அதைப் பார்க்கவே மாட்டார். தன் ஊர்க் கடலைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அதனால் பட்டியல் தர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. நான் தருகிற ஐம்பது நூலை வாங்கி, வரிசையாக முடித்து, நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்த பட்டியலுக்குப் போவீர்கள். நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள், ஆள் வரவில்லை என்று வருந்துகிறீர்கள், அந்த வருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. வட்டம் கலையக் கூடாது. அதற்கு ஒன்று செய்யுங்கள். யாரும் இனிமேல் ‘எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை’ என்று ஆரம்பிக்கக் கூடாது. கையில் புத்தகத்தோடு வர வேண்டும். ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எந்தப் பொருள் வருகிறதோ, வலையோ நெல்லோ ரயிலோ சங்கோ, அதைக் கையாண்ட ஒருவரை அன்றைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் அந்த நூலைப் படித்திருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கவே தெரிய வேண்டியதில்லை. பக்கத்தைக் கேட்டுவிட்டு, சரியாக எழுதியிருக்கிறானா இல்லையா என்று சொல்லட்டும். சரியில்லை என்று சொன்னால் சண்டை போடுங்கள்.

கடைசியாக இடமும் நேரமும். டீக்கடை மாடி, இரவு எட்டு மணி, பஸ் ஸ்டாண்டு பக்கம். எந்தப் பெண் வருவாள்? அந்த ஐந்து பேரில் ஒரு பெண்ணைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை, அது உங்கள் கண்ணில் படவும் இல்லை. பகலுக்கு மாற்றுங்கள். ஊருக்குள் ஒரு நூலகத்தில், இல்லையென்றால் பள்ளிக்கூட வராந்தாவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்கள் வலையும் படகும் சரிபார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பார்கள். அந்த இரண்டு மாதக் கூட்டத்தையும் ராமநாதபுரத்தில் வைக்காமல் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ வையுங்கள். முதல் கூட்டத்துக்கு அகநானூறு எழுபது. துப்பறியும் கதைக்காரரும் கட்டாயம் வர வேண்டும். தேதி முடிவானதும் எழுதுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்
அக்கா