அந்தச் சிறுமியின் பெயர் என்ன?

கேள்வி: என் மகன் மூன்று ஆண்டுகளாகப் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் மென்பொருள் பணியில் இருக்கிறான். உடன் பணியாற்றும் அந்நாட்டுப் பெண் ஒருவரை மணக்கப் போவதாகச் சொல்கிறான். அவர் மணமுறிவு பெற்றவர். ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பிரேசில் பெண்களுக்குக் குடும்பப் பற்று குறைவு, பிள்ளையைத் தம் தாயிடம் விட்டுவிட்டுத் தம் போக்கில் வாழ்பவர்கள், பணத்துக்காகவும் குடியுரிமைக்காகவும் வெளிநாட்டவரை மணப்பவர்கள் என்று உறவினர்கள் எச்சரிக்கிறார்கள். இந்தப் பெண் நம் குடும்பத்துக்கு ஏற்றவராக இருப்பாரா? குழந்தையைப் பாட்டியிடமே விட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்துவிடும்படி கேட்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கேட்கக் கூடாது. நேரிலும் கேட்கக் கூடாது, மகன் வழியாகச் சொல்லியனுப்பவும் கூடாது. குடும்பப் பற்று இல்லாதவர்கள் என்று நீங்கள் ஐயப்படுகிற ஒரு சமூகத்தில், தாயையும் மகளையும் பிரித்துத்தான் திருமணம் நடக்க வேண்டும் என்று கேட்கிறவரைத்தான் குடும்பம் அறியாதவர் என்று கருதுவார்கள்.

பிரேசிலில் குடும்பம் என்பது கணவன் மனைவியிடம் தொடங்குவதாக எல்லா வீடுகளிலும் நினைப்பதில்லை; பல வீடுகளில் அது தாயிடம் தொடங்குகிறது. அந்நாட்டுச் சட்டமே இதைச் சொல்கிறது. இராணுவ ஆட்சி முடிந்த பின் 1988-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவு, குடும்பமே சமுதாயத்தின் அடித்தளம் என்று அறிவித்துவிட்டு, பெற்றோரில் ஒருவரும் அவருடைய பிள்ளைகளும் சேர்ந்து வாழ்ந்தால் அதுவும் முழுமையான குடும்பமே என்று ஏற்றுக்கொள்கிறது. அடுத்த பிரிவு, திருமணத்துக்குள் பிறந்த பிள்ளைக்கும் வெளியே பிறந்த பிள்ளைக்கும் எந்த வேறுபாடும் காட்டக் கூடாது என்கிறது. ஆகவே உங்கள் மகன் மணக்க விரும்புகிற பெண், உடைந்துபோன குடும்பத்திலிருந்து மீட்டுக் கொண்டுவர வேண்டியவர் அல்லர். அவரும் மகளும் இப்போதே ஒரு குடும்பம். அதற்குள் புதிதாக நுழைய அனுமதி கேட்டு நிற்பவர் உங்கள் மகன்தான். நம் மருமகள் நம் வீட்டுக்கு வருகிறாள் என்ற நினைப்பிலேயே நீங்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் ஒரு மாப்பிள்ளை அவர்கள் வீட்டுக்குள் வருகிறார்.

மணமுறிவு பெற்றவர் என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். கத்தோலிக்கர்கள் மிகுந்த அந்த நாட்டில் 1977 வரை மணமுறிவுச் சட்டமே இல்லை. கணவன் மனைவி நீதிமன்றத்தின் வழியே பிரிந்து வாழலாம், சொத்தைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் மறுமணம் செய்துகொள்ள முடியாது. அப்படிப் பிரிந்த பெண்ணை ஊரே ஒருமாதிரியாகப் பார்த்தது. நெல்சன் கர்நெய்ரு என்ற செனட்டர் பல ஆண்டுகள் போராடித்தான் அந்தச் சட்டம் வந்தது. அதற்கும் முன்னால், 1962 வரை, மணமான பெண் வேலைக்குப் போகக் கணவனின் ஒப்புதல் வேண்டும் என்று 1916-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் விதித்திருந்தது. இன்றைய பிரேசில் பெண்களின் பாட்டிமார் அந்தச் சட்டத்தின் கீழ் மணம் முடித்தவர்கள். மணமுறிவு பெறும் உரிமையைக் குடும்பத்தை உதறுகிற வழியாக அவர்கள் பார்ப்பதில்லை. இரண்டாவது முறை முறையாக ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்ளக் கிடைத்த வழியாகப் பார்க்கிறார்கள்.

பிள்ளையைத் தாயிடம் விடுகிறார்கள் என்பது உங்கள் உறவினர்களின் அடுத்த குற்றச்சாட்டு. சாவோ பாவுலோ பெருநகரப் பகுதியில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். புறநகரிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பவே பலருக்கு நாள்தோறும் சில மணி நேரம் ஆகிறது. பள்ளிகளோ பெரும்பாலும் காலை அல்லது பிற்பகல் என்று அரை நாள்தான் நடக்கின்றன. மீதி அரை நாளில் பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாடம் படிக்க வைப்பவர் பாட்டி. தஞ்சை மாவட்டத்தில் அம்மாச்சி வீட்டில் வளர்ந்து ஆளானவர்கள் உங்கள் உறவினர்களிலேயே இருப்பார்கள். அவர்களைத் தாய் கைவிட்டதாக நாம் சொல்வதில்லை.

தாய்மை அங்கே எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவர்களுடைய நாள்காட்டியிலேயே பார்க்கலாம். நாட்டின் காவல் அன்னையான அபரெசிதா மாதாவின் கரிய நிறச் சிலை, 1717-இல் பரைபா து சூல் ஆற்றில் மீனவர்களின் வலையில் கிடைத்தது. அந்த மாதாவின் திருநாளாகிய அக்டோபர் 12 தேசிய விடுமுறை. அதே நாள்தான் குழந்தைகள் தினமும். மே மாதம் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினம். அன்று எங்கிருந்தாலும் தாயின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேராத மகனுக்கும் மகளுக்கும் குடும்பத்தில் மன்னிப்புக் கிடைப்பது கடினம். கடைகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த பெரிய விற்பனைக் காலமும் அதுவே. ‘தாயின் நெஞ்சில் இன்னும் ஒருவருக்கு எப்போதும் இடமுண்டு’ என்று அவர்கள் அடிக்கடி சொல்வார்கள். தான் பெறாத பிள்ளையை வளர்த்தவளை ‘வளர்த்த தாய்’ என்று தனிப்பெயரிட்டு, பெற்றவளுக்கு இணையாக மதிப்பார்கள். பிள்ளைக்குத் தந்தையின் குடும்பப் பெயரோடு தாயின் குடும்பப் பெயரையும் சேர்த்து வைப்பதும் அங்கே வழக்கம்.

இதன் இருண்ட பக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. தாய்க்கு இவ்வளவு பெருமை கொடுக்கிற அதே சமூகத்தில் பொறுப்பை விட்டு விலகிப்போன தந்தையர் ஏராளம். 2022-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பாதி வீடுகளில் குடும்பப் பொறுப்பாளராகப் பதிவானவர் பெண். 2003-இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா என்னும் ஏழைகளுக்கான உதவித்தொகைத் திட்டம், பணத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் கொடுப்பதற்கே முன்னுரிமை தருகிறது. பெண் கையில் போகிற பணம் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும் என்று அரசே நம்புகிறது. கடனுக்காக எவரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்று சொல்லும் அந்நாட்டு அரசியலமைப்பு, ஜீவனாம்சம் கொடுக்காதவரை அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பிள்ளைக்குரிய தொகையைக் கொடுக்காமல் ஏய்க்கும் தந்தையை ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை சிறையில் வைக்க நீதிபதியால் முடியும். குழந்தை பெறுவதிலும் பெண்கள் நன்கு யோசித்தே முடிவெடுக்கிறார்கள். 1960-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் இருந்த நிலை, 2022-இல் 1.55 என்று இறங்கிவிட்டது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரே மகளோடு வாழ்கிற ஒரு தாயிடம்தான் அந்த மகளை விட்டுவிட்டு வரச் சொல்ல நினைக்கிறீர்கள்.

இனி வெளிநாட்டவரை மணப்பது பற்றி. பிரேசிலில் அயல்நாட்டார் எவரையும் ‘கிரிங்கோ’ என்றே அழைப்பார்கள். அது பெரும்பாலும் வசைச்சொல் அல்ல, உங்கள் மகனும் அங்கே கிரிங்கோதான். இத்தாலியர், ஜெர்மானியர், லெபனானியர், 1908-இல் கசாத்தோ மாரு கப்பலில் வந்திறங்கிய ஜப்பானியர் என்று வந்தவர்களோடு கலந்து உருவான சமூகம் அது. ஜப்பானியக் குடியேறிகள் தம் பிள்ளைகள் ஊரார் பிள்ளைகளை மணப்பதைத் தொடக்கத்தில் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களின் கொள்ளுப்பேரர் தலைமுறையில் கலப்புத் திருமணம் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆகவே அயலான் என்பதற்காக மட்டும் உங்கள் மகனை அந்தக் குடும்பம் ஒதுக்காது.

ஆனால் அவர்களுக்கும் அச்சம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. 1970-களில் கடற்கரைப் பெண்களின் படத்தைப் போட்டுச் சுற்றுலாவை வளர்த்த விளம்பரங்கள், பிரேசில் பெண் என்றாலே எளிதில் கிடைப்பவள் என்ற பொய்யை உலகெங்கும் கொண்டுசென்றன. ஃபோர்த்தலேசா, நட்டால் போன்ற வடகிழக்குக் கடற்கரை நகரங்களின் பெண்கள் அந்தப் பொய்யை நம்பி வந்த ஆண்களால் நெடுங்காலம் துன்பப்பட்டார்கள். உங்கள் உறவினர்கள் உங்களிடம் சொன்னதும் அதே பொய்யின் ஒரு துண்டுதான்.

ஃபோர்த்தலேசாவைச் சேர்ந்த மருந்தியலாளர் மரியா த பென்யாவின் கதையை அங்கே அறியாதவர் குறைவு. அவர் மணந்தவர் கொலம்பியா நாட்டவர். அவருக்குப் பிரேசில் குடியுரிமை கிடைத்த பிறகுதான் வீட்டில் வன்முறை தொடங்கியது என்று மரியா சொல்லியிருக்கிறார். 1983-இல் உறங்கிக்கொண்டிருந்த அவரைக் கணவர் முதுகில் சுட்டார். அன்றிலிருந்து அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். நீதி கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 2001-இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையம் பிரேசில் அரசின் அலட்சியத்தைக் கண்டித்தது. 2006-இல் குடும்ப வன்முறைக்கு எதிராக வந்த சட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெண்ணின் தாய் உங்கள் மகனை முதலில் ஐயத்தோடு பார்த்தால், அது அவர் மனத்தில் இருக்கும் கதை என்று புரிந்துகொள்ளுங்கள். அதோடு 2009-இல் குளோபோ தொலைக்காட்சியில் இந்தியாவைக் களமாகக் கொண்ட ஒரு நெடுந்தொடர் ஓடியது. சாதி பார்த்துப் பெற்றோர் முடித்துவைக்கும் திருமணங்களை அதில்தான் பல பிரேசில் குடும்பங்கள் முதன்முதலாகக் கண்டன. உங்கள் வீட்டைப் பற்றியும் அங்கே யாரோ எச்சரித்துக்கொண்டிருக்கக் கூடும்.

குடியுரிமைக்காக மணக்கிறார் என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை. பிரேசில் கடவுச்சீட்டு உள்ளவர் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணமாக விசா இல்லாமல் போகலாம். நம் கடவுச்சீட்டில் அது இயலாது. உண்மையில் சலுகை பெறுபவர் உங்கள் மகன். பிறருக்கு நான்கு ஆண்டு வசித்தால் கிடைக்கிற பிரேசில் குடியுரிமை, பிரேசிலியரை மணந்தவருக்கு ஓராண்டிலேயே கிடைக்கக் கூடும். அதை அவர் பெற்றுக்கொண்டால் நம் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டுங்கள்.

இந்தியாவுக்கே வந்துவிட வேண்டும் என்ற உங்கள் எதிர்பார்ப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. மணமுறிவுக்குப் பின்னும் பிள்ளை மீது இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு என்பதே 2014-க்குப் பிறகு அங்கே பொதுவிதி. தாய் மட்டும் பிள்ளையோடு நாட்டை விட்டுப் புறப்பட வேண்டுமானால் தந்தையின் எழுத்து மூலமான ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். பெற்றோரில் ஒருவர் பிள்ளையை அயல்நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் திருப்பி அனுப்பச் செய்யும் ஹேக் ஒப்பந்தத்தில் பிரேசில் சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. அந்தத் தந்தை ஒப்புதல் தரத் தயங்கினால் அவரைக் குறைசொல்ல முடியாது. சில ஆண்டுகளாவது உங்கள் மகனின் குடும்பம் சாவோ பாவுலோவில்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு முடிவெடுங்கள்.

உங்கள் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அது அந்தப் பெண்ணின் குணத்தைப் பற்றியது அன்று. பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் உறவைப் பிரேசில் சட்டம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2009 முதல் மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரைப் பிள்ளை சேர்த்துக்கொள்ளலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம், அன்பினால் தந்தையானவரையும் பெற்ற தந்தையையும் ஒருசேரத் தந்தையராக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அப்படி ஏற்கப்பட்டவருக்குப் பராமரிப்புக் கடமையும் உண்டு, அவர் சொத்தில் பிள்ளைக்கு உரிமையும் உண்டு. பின்னாளில் திருமணம் முறிந்தாலும் அந்தக் கடமை முறியாது. இதைத் தெரிந்துகொண்டுதான் அவர் முடிவெடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஆம் என்றால், அவரைத் தடுக்க உங்களிடம் நேர்மையான காரணம் எதுவும் இல்லை.

நான்கு பக்கக் கடிதத்தில் அந்தப் பெண்ணின் வயது, நிறம், மதம், சம்பளம், மணமுறிவு பெற்ற ஆண்டு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் பெயரை எங்கும் எழுதவில்லை. அங்கே பிள்ளைகள் அறிமுகமான பெரியவர்களைப் போர்ச்சுக்கீசிய மொழியில் ‘தியூ’, அதாவது மாமா என்றுதான் அழைக்கத் தொடங்குவார்கள். ‘பாய்’, அதாவது அப்பா என்று மாறுவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். அடுத்த முறை மகன் காணொளியில் அழைக்கும்போது, அவள் பெயர் என்ன, அவனை எப்படி அழைக்கிறாள் என்று கேளுங்கள். பிறகு அவளையும் திரைக்கு அழைத்து, உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.