மகனுக்கு உண்டு, மகளுக்கு இல்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் எச்-1பி வேலை விசாவில் இருந்தபோது இங்கே டல்லாஸில் பிறந்தவன் என் மகன். "உன் அப்பா அம்மா அப்போது அமெரிக்கர்கள் இல்லை, நீ அதிபராக முடியாது" என்று பள்ளியில் ஒரு பையன் சொன்னானாம். முகம் வாடி வந்தான். மூத்தவள் சென்னையில் பிறந்தவள். இரண்டு வயதில் வந்தாள், பிறகு எங்களோடு குடியுரிமை பெற்றாள். இருவருக்கும் என்ன சொல்வது?

ரா., டல்லாஸ்

அன்புள்ள ரா.,

மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள், அவன் போட்டியிடலாம். 35 வயதும் நாட்டில் 14 ஆண்டு வசிப்பும் இருந்தால் போதும்.

அதிபர் 'பிறப்பால் குடிமகன்' ஆக இருக்க வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பு அந்தச் சொல்லுக்கு விளக்கம் தரவில்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை சண்டையும். வோங் கிம் ஆர்க் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர். 1895இல் சீனா போய்த் திரும்பியவரைக் கரையிறங்க விடவில்லை. பிறந்த ஊர் கண்ணெதிரே தெரிய, கப்பல் மாற்றிக் கப்பலாக மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். பெற்றோர் சீனக் குடிகளானாலும் அமெரிக்காவில் நிலையாக வாழ்ந்தவர்களின் பிள்ளை பிறந்தபோதே அமெரிக்கக் குடிமகன் என்று 1898இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிபர் பதவியைப் பற்றிய வழக்கல்ல அது. ஆனாலும் சட்டம் படித்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். பிறப்பால் வரும் குடியுரிமையைக் கட்டுப்படுத்த அதிபர் டிரம்ப் 2025 ஜனவரியில் போட்ட ஆணை அதற்குப் பின் பிறப்பவர்களைப் பற்றியது. உங்கள் மகனைத் தொடாது.

2020இல் கமலா ஹாரிஸையும் இதே கேள்வி துரத்தியது. ஓக்லாந்தில் பிறந்தவர் அவர். அம்மா இந்தியாவிலிருந்து படிக்கப் போன சியாமளா, அப்பா ஜமைக்காக்காரர். பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்த அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெயினையோ 2008இல் செனட்டே தீர்மானம் போட்டுப் பிறப்பால் குடிமகன் என்றது. அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவரிடம் பெற்றோரின் காகிதத்தைக் கேட்பது எனக்குக் கசக்கிறது.

மகள் விஷயம்தான் வலிக்கிறது. பிறகு குடியுரிமை பெற்றவள் 'பிறப்பால் குடிமகள்' ஆகமாட்டாள். படைத் தலைமை அந்நியர் கைக்குப் போய்விடக் கூடாது என்று அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் ஜே 1787இல் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். ஐரோப்பிய அரச குடும்பங்களின் சூழ்ச்சிக்கு அஞ்சிய காலம். அம்மா இடுப்பில் உட்கார்ந்து விமானமிறங்கிய குழந்தையிடம் அந்த அச்சத்துக்கு என்ன வேலை? 20 ஆண்டு குடிமக்களாக இருந்தவர்களுக்கு வழிவிட 2003இல் ஆரின் ஹாட்ச் செனட்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை.

அவளிடம் மறைக்காதீர்கள். அதிபராக முடியாது, ஆனால் குடியுரிமை பெற்று 9 ஆண்டுகள் ஆனால், 30 வயதில் செனட்டராகலாம். அந்தத் திருத்தத்தை அவளே மறுபடி கொண்டுவரலாம்.