நிலமில்லாதவர்களுக்கு ஃபோர்-எச் உண்டா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரின் மருத்துவமனை வேலைக்காகத் தென்கிழக்கு ஒஹாயோவில் ஒரு சிறிய கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்றது) குடிவந்திருக்கிறோம். பத்து வயது மகளின் தோழி ஃபோர்-எச் என்ற அமைப்பில் சேர்ந்து பன்றி வளர்க்கிறாள். தனக்கும் வேண்டும் என்று இவள் ஒரே பிடிவாதம். நாங்கள் சைவம், இருப்பது வாடகை வீடு. அது விவசாயக் குடும்பங்களுக்கு மட்டுமானதா, எங்களுக்கும் இடமுண்டா?

இரண்டாவது கேள்வி என்னைப் பற்றி. மென்பொருள் வேலை பார்த்தவள், இப்போது எச்-4 விசாவில் (வேலைக்கு வந்தவரின் துணைக்குத் தருவது, பொதுவாகச் சம்பள வேலைக்கு அனுமதி இல்லை) வீட்டில் இருக்கிறேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினி, ரோபாட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்க ஆசை. லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துவிட்டு ஆரம்பிக்கலாமா? மோட்டலில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் ஆங்கிலம் கற்க எங்கே போவது என்று கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

எம்.

அன்புள்ள எம்.,

பதிவெல்லாம் வேண்டாம். நீங்கள் உருவாக்க நினைக்கும் அமைப்பு உங்கள் கவுண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. கோர்ட் ஹவுஸுக்குப் பக்கத்திலோ, கண்காட்சி மைதானத்தின் ஓரத்திலோ, 'எக்ஸ்டென்ஷன்' என்று பலகை மாட்டிய ஓர் எளிய கட்டடத்தில் இருக்கும். ஒஹாயோவின் 88 கவுண்டிகளுக்கும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்டென்ஷன் சேவை உண்டு. 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் இதற்கு அடிப்படை. மத்திய வேளாண் துறை, மாநிலப் பல்கலைக்கழகம், கவுண்டி நிர்வாகம் மூன்றும் பணம் போடுகின்றன. பல்கலைக்கழகத்தில் படித்தறிந்ததை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. விவசாயம், குடும்ப நலம், இளைஞர் வளர்ச்சி என்று பிரிவுகள் இருக்கும். சின்ன கவுண்டிகளில் ஒரே ஆள் இரண்டு பிரிவைச் சுமப்பதும் உண்டு. இளைஞர் பிரிவின் பெயர்தான் ஃபோர்-எச்.

தனி அமைப்பு என்றால் நிர்வாகக் குழு, வருமான வரித்துறை விண்ணப்பம், வருடாந்திரக் கணக்கு, விபத்துக் காப்பீடு, பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சோதனை என்று எல்லாம் உங்கள் தலையில். முதல் வகுப்பு நடப்பதற்குள் சோர்ந்துபோவீர்கள். ஃபோர்-எச்சுக்குள் தன்னார்வலராகப் போனால் இவற்றுக்கெல்லாம் ஏற்பாடு அங்கேயே இருக்கிறது.

விவசாயக் குடும்பங்களுக்கு மட்டுமா என்றால், இல்லை. 1902 ஜனவரியில் உங்கள் மாநிலத்திலேயே, கிளார்க் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஏ.பி.கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கோர்ட் ஹவுஸின் நிலவறையில் கூட்டிய மாணவர் கூட்டத்தைத்தான் ஃபோர்-எச்சின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். லிட்மஸ் தாளால் மண்ணின் அமிலத்தன்மையைச் சோதிப்பது அந்தப் பிள்ளைகள் செய்த வேலைகளில் ஒன்று. ஆக, ரோபாட்டிக்ஸ் இங்கே புதிதாக ஒட்டவைத்த சரக்கு அல்ல. புகைப்படம், தையல், சமையல், மரவேலை, ராக்கெட், நாய்ப் பயிற்சி என்று நிலமே தேவைப்படாத ப்ராஜெக்டுகள் ஏராளம். ஒஹாயோவில் எட்டு வயதும் மூன்றாம் வகுப்பும் ஆகியிருந்தால் முழு உறுப்பினர் ஆகலாம். அதற்கும் சிறியவர்களுக்கு 'க்ளோவர்பட்' என்று போட்டியில்லாத பிரிவு இருக்கிறது. உங்கள் மகளுக்கு வயதுத் தடை இல்லை. தடை வருமென்றால் தேதியால்தான் வரும். பல கவுண்டிகளில் ஏப்ரல் 1 கடைசி நாள். அதைத் தவறவிட்டால் அந்த வருடம் போயிற்று. அப்படித் தவறவிடுபவர்களில் பெரும்பாலோர் கோடைவிடுமுறை தொடங்கியதும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள்.

இனி பன்றி. 'மார்க்கெட் ஹாக்' ப்ராஜெக்ட் என்பது பெரும்பாலும் கவுண்டி ஃபேர் என்ற வருடாந்திரக் கண்காட்சியின் ஏலத்தில் முடிந்து, அங்கிருந்து நேரே இறைச்சிக்கூடத்துக்குப் போகிறது. இதைச் சேரும் நாளிலேயே குழந்தையிடம் சொல்லிவிட வேண்டும். ஏலத்தன்று தெரியவந்தால் அது வளர்த்தவர்கள் செய்த ஏமாற்று. சைவக் குடும்பத்துக் குழந்தைக்கு இந்த ப்ராஜெக்ட் வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் மிருகத்தோடு பழக வேண்டும் என்ற ஆசையை அதற்காக மறுக்க வேண்டியதில்லை. பால்மாட்டுக் கிடாரியையோ ஆட்டையோ பண்ணைக்காரரிடம் குத்தகைக்கு எடுத்து வளர்க்கும் ஏற்பாடு பல கவுண்டிகளில் உண்டு. மிருகம் அவர் தொழுவத்திலேயே நிற்கும். குழந்தை வாரத்தில் பல நாள் போய்த் தீனி வைத்து, கயிற்றில் நடக்கப் பழக்கி, ஃபேரில் காட்டிவிட்டுத் திருப்பி ஒப்படைக்கும். குத்தகைத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுக்கவும் ஒரு கடைசித் தேதி இருக்கும்.

தோழியின் பன்றியைப் பார்க்கப் போகும்போது உங்களுக்கும் விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக இந்தக் கணக்கு. ஃபேர் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 60 பவுண்டு குட்டி 270 பவுண்டு ஆக 210 பவுண்டு ஏற வேண்டும். நாளுக்குச் சுமார் 1.8 பவுண்டு வீதம் 117 நாள். ஃபேர் ஆகஸ்ட் முதல் வாரம் என்றால் ஏப்ரல் தொடக்கத்தில் குட்டி கைக்கு வந்திருக்க வேண்டும். ஒரு பவுண்டு ஏற ஏறக்குறைய மூன்று பவுண்டு தீவனம், ஆக மொத்தம் 630 பவுண்டு. தாமதமாக வாங்கியவர்கள் ஜூலையில் மாட்டிக்கொள்வார்கள். பன்றிக்கு வியர்த்துக் குளிர வழி கிடையாது. வெயில் ஏறினால் தின்பதைக் குறைத்துவிடும், எடை நின்றுவிடும், எடைமேடையில் குறைந்தபட்ச அளவுக்குச் சற்றுக் கீழே நின்று ஏலத்துக்குத் தகுதியிழக்கும். தனியாக ஒரே ஒரு குட்டி வளர்ப்பதும் அவ்வளவு நல்லதல்ல. பக்கத்தில் இன்னொன்று போட்டிக்கு நின்றால்தான் நன்றாகத் தின்னும். மருந்து கொடுத்தால் அது உடம்பை விட்டு நீங்கும் காலம் முடிந்த பிறகே வெட்டுக்கு அனுப்பலாம். ஒஹாயோவில் அதற்கென ஒரு படிவம் உண்டு. மிருக ப்ராஜெக்ட் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பொதுவாக வருடந்தோறும் தரக்காப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் ஃபேரில் அனுமதி இல்லை.

எந்த ப்ராஜெக்ட் எடுத்தாலும் முடிவில் நடுவருக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். தலையணை உறை தைத்துக் கொண்டுபோகிறாள் என்று வையுங்கள். நடுவர் முதலில் உறையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். தையல் ஓரம் ஒரே அகலத்தில் ஓடுகிறதா, மூலையில் துணி கத்தரித்திருக்கிறதா, பிரியாமலிருக்க ஓரம் கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு, "இதில் எது சரியாக வரவில்லை, என்ன செய்தாய்?" என்று கேட்பார். அம்மா பிரித்துத் தைத்துக் கொடுத்த உறையோடு போன குழந்தைக்கு இதற்குப் பதில் இருக்காது. கோணலாகத் தைத்து, ஏன் கோணியது என்று சொல்லத் தெரிந்த குழந்தை மேலே போய்விடும். அதனால் ப்ராஜெக்ட் புத்தகத்தை அவள் கையெழுத்தில், அவ்வப்போது எழுத விடுங்கள். ஃபேருக்கு முந்தின இரவு ஒரே மூச்சில் எழுதியதை நடுவர்கள் மையின் நிறத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் ரோபாட்டிக்ஸுக்கு வருவோம். முழு வருட கிளப்பாக ஆரம்பிக்காதீர்கள். ஃபோர்-எச்சில் 'ஸ்பின்' கிளப் என்று ஒரு வடிவம் இருக்கிறது. ஒரே தலைப்பு, குறைந்தது ஐந்து பிள்ளைகள், குறைந்தது ஆறு வகுப்புகள். முடிந்ததும் கலைந்துவிடலாம். தொடங்கும்முன் தன்னார்வலர் விண்ணப்பம், நேர்காணல், விரல்ரேகைச் சோதனை, பயிற்சி எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே இடம் தேடுவதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுங்கள். அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், நீங்கள் ஒருவராக வகுப்பெடுக்க முடியாது. ஆகவே இரண்டாமவரையும் இப்போதே தேடிக்கொள்ளுங்கள். நூலகத்திலோ பள்ளியிலோ வேலை பார்ப்பவர் கிடைத்தால் நல்லது. விசா விஷயத்தில் ஒன்று: வழக்கமாகச் சம்பளமில்லாமலேயே நடக்கும் தொண்டு என்பதால் செய்யலாம். ஆனால் ஊக்கத்தொகை, பரிசு அட்டை என்று எதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கருவிக்கு விலையுயர்ந்த ரோபோ செட் வேண்டாம், மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகை போதும். இரண்டு பிள்ளைக்கு ஒன்று. மூன்று பேரானால் மூன்றாமவர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பிப்பார். பத்துப் பேருக்கு ஐந்து, உதிரிக்கு ஒன்று, ஆக ஆறு பலகை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஏஏஏ பேட்டரி, ஒரு யு.எஸ்.பி. கேபிள். வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய போன் கேபிள்களை எடுத்துப்போகாதீர்கள். அவற்றில் பாதி சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு போகாது. பலகையில் விளக்கு எரியும், கணினிக்கோ அது இருப்பதே தெரியாது. முதல் வகுப்பின் அரைமணி இதிலேயே கரைந்துவிடும். ஒவ்வொரு கேபிளையும் வீட்டில் சோதித்து, நல்லதில் டேப் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்புற இணையத்தை நம்ப வேண்டாம். பள்ளி வைஃபை வெளியாள் கணினியை உள்ளே விடாது, நூலக வைஃபையில் பத்துப் பேர் சேர்ந்தால் திணறும். இணையம் இல்லாமல் ஓடும், நிரல் எழுதுவதற்கான எடிட்டரை முன்கூட்டியே நிறுவிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் கடனாகத் தரும் கருவிப் பெட்டிகள் இருக்கின்றனவா என்று வாங்குவதற்கு முன் கேட்டுப்பாருங்கள். வகுப்பு 75 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அதில் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளே எண்ணிப் பெட்டியில் அடுக்குவதற்கு.

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் வகுப்பு படுத்துவிடலாம். ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் போக்குவரத்துதான் கழுத்தை அறுக்கும். மாலை ஆறரைக்கு நூலகத்தில் வைத்தால், பத்து மைல் போய்க் கூட்டிவர ஆளும் காரும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் வருவார்கள். உங்களுக்கு யார் வேண்டுமோ அவர்கள் வரமாட்டார்கள். பள்ளி விட்டதும், பள்ளிக் கட்டடத்திலேயே வையுங்கள். விளையாட்டுக்காகத் தாமதமாகக் கிளம்பும் பேருந்து இருந்தால் அதன் நேரத்துக்கு முடித்துவிடுங்கள். புதன்கிழமை மாலை வேண்டாம், பல ஊர்களில் அது சர்ச் நாள். தாங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கள் மான் துப்பாக்கிவேட்டை தொடங்கும். அந்த வாரம் அறை காலியாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பனிவிடுமுறை வரும், ஆகவே ஆறு வகுப்புக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பசிக்கும். ஒவ்வாமை விவரத்தைப் பதிவுப் படிவத்தில் பார்த்துவிட்டுச் சிற்றுண்டி வாங்குங்கள். கோடையில் நடத்துவதானால், மத்திய அரசின் கோடை உணவுத் திட்டத்தில் தகுதியான ஊர்ப்புறப் பகுதிகளில் சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப்போகவும் 2023 முதல் வழியிருக்கிறது. பள்ளி உணவுப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அப்புறம், டி-ஷர்ட்டில் ஃபோர்-எச்சின் சின்னமான நாலிலை க்ளோவரை அச்சடிக்கும் உற்சாகம் வந்தால் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள். அந்தச் சின்னத்துக்கு மத்திய சட்டப் பாதுகாப்பே இருக்கிறது, நிறத்தைக்கூட இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

மோட்டல் பெண்மணிக்கு: ஒஹாயோவில் பெரியவர்களுக்கான இலவசக் கல்வித் திட்டத்தின் பெயர் 'ஆஸ்பயர்'. ஆங்கில வகுப்பும் உண்டு, பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களுக்கு ஜி.இ.டி. தயாரிப்பும் உண்டு. ஜி.இ.டி. என்பது பள்ளியிறுதிக்கு இணையான சான்றிதழுக்கானது. கணிதம், மொழி, அறிவியல், சமூகவியல் என நான்கு தேர்வு, ஒவ்வொன்றிலும் 145 எடுக்க வேண்டும், தனித்தனியாக எழுதலாம். முதலில் அறிமுக வகுப்பும் நிலையறியும் தேர்வும் இருக்கும். அதற்கு வராமல் நேரே வகுப்பில் போய் உட்கார முடியாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் முதல் நாளே திரும்பிப்போகிறவர்கள் உண்டு. அவருக்கு வாராவாரம் ஷிஃப்ட் மாறும் என்றால் தொலைநிலை வகுப்பு இருக்கிறதா என்று அப்போதே கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலை, சலிப்பானதுதான், ஆனால் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வகுப்பிலும் வருகைத் தாளை நிரப்பி மறுநாளே அலுவலகத்துக்கு அனுப்புங்கள். எக்ஸ்டென்ஷனுக்குக் கவுண்டி தரும் பங்கை அதை நிர்வகிக்கும் கமிஷனர்கள் வருடந்தோறும் முடிவு செய்கிறார்கள். கவுண்டிகளில் பட்ஜெட் பேச்சு சூடுபிடிப்பது இலையுதிர்காலத்தில். அப்போது ஃபோர்-எச்சைக் கவனிக்கும் எக்ஸ்டென்ஷன் அலுவலரான 'எஜுகேட்டர்' கமிஷனர்கள் முன்னால் வைப்பது இந்தத் தாள்களிலிருந்து கூட்டிய எண்ணிக்கையைத்தான். அந்தக் கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம், கேட்டால் பேசவும் விடுவார்கள். உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியையும் அவள் பெற்றோரையும் கூட்டிப்போங்கள், அவள் நிரல் எழுதிய மைக்ரோபிட்டைக் கையில் கொடுத்து.