காதுக்குள்ள மெஷின் வெக்கிறாங்களாமா, எங்கீங்க வெப்பாங்க?

கேள்வி: பல்லடம் பக்கமுங்க டாக்டர், தறி ஓட்டறேன், வயசு 46. சின்னதுல இருந்தே எடது காதுல சீழ், ரெண்டு தடவ ஆபரேஷன் பண்ணி காதுக்குப் பின்னாடி இருக்கிற மாஸ்டாய்டு எலும்பைச் சுரண்டிட்டாங்க. இப்ப காஞ்சிருக்குது, ஆனா கேக்கறதில்லீங்க. வலதும் தறி சத்தத்துல மந்தமாயிருச்சு. ஹியரிங் எய்டு மாட்டுனா பத்தே நாள்ல மறுபடி ஈரமாகி நாத்தம் வருது. நடுக்காதுல மெஷின் வெக்கலாம்னாங்க. மண்டையத் தொறப்பாங்களா, மூஞ்சி கோணிக்கும்ங்கிறாங்களே?

பதில்: மண்டைக்குள்ள எல்லாம் போக மாட்டாங்க, அந்த வெசனத்த விடுங்க. காது மடலுக்குப் பின்னாடி தோலக் கீறி, எலும்புல சின்னதா குழி எடுத்து ரிசீவரப் படுக்க வெப்பாங்க, அதுல இருந்து சன்னமா ஒரு ஒயர் நடுக்காதுக்குப் போவும், ஒயர் முனையில ஒரு அதிர்வு மோட்டார். வைப்ரண்ட் சவுண்ட்பிரிட்ஜ்னு 1996ல இருந்து வெக்கிற மெஷின்ல அந்த மோட்டார் 2.3 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிகிராம் எடை, கம்பு மணிய விடச் சின்னதுங்க. சத்தத்தப் பிடிச்சு ரிசீவருக்கு அனுப்புற பிராசஸர் வெளியில காந்தத்துல ஒட்டிக்கிட்டு முடிக்குள்ள இருக்கும், காது ஓட்டைய எதுவும் அடைக்காது, உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

நோய் இல்லாத காதுன்னா வேல சுளுவு, மொகத்து நரம்புக்கும் நாக்கு ருசி நரம்புக்கும் நடுவுல ரெண்டு மூணு மில்லி சந்துல டிரில் பண்ணி உள்ள போயி, நடுக்காதுல சத்தத்தக் கடத்துற குட்டி எலும்புகள்ல ஒண்ணான பட்டடை எலும்புல மோட்டாரக் கிளிப் போட்டு மாட்டிருவாங்க. உங்க காதுல சீழு அந்த எலும்பத் தின்னிருக்கும். அப்ப அதுக்கு அடுத்த குட்டி எலும்பு, அங்கவடி எலும்பு, மிச்சமிருந்தா அதுல வெக்கலாம், அதுவும் இல்லைன்னா வட்டச் சாளரம். இது உள்காது திரவத்துக்கு ரெண்டாவது வாசல், முன்வாசல் அடைச்சுக் கெடந்தா பொடக்காளி வழியாப் போறமே அந்த மாதிரி, இத்தாலி டாக்டர் கொலெட்டி 2006ல எழுதின பிறகுதான் இந்த வழி பரவலாச்சு.

கஷ்டமும் இங்கதாங்க. அந்தச் சாளரத்த மூடியிருக்கிற சவ்வு ரெண்டு மில்லி கூட இருக்காது, மேல ஒரு எலும்பு விளிம்பு மறைச்சிட்டு நிக்கும், சவ்வுல டிரில் படாம அத மெதுவா தேய்ச்சு எடுக்கணும், பட்டுச்சுன்னா மிச்சமிருக்கிற கேக்கற சக்தியும் போயிரும். அப்புறம் மோட்டார் சவ்வுல மட்டும் சாயணும், பக்கத்து எலும்புல ஒட்டுச்சுன்னா சத்தம் உள்ள போவாது, கெணத்து மோட்டார் செவத்துல இடிச்சுட்டு ஓடற கதைதான். நடுவுல மெல்லிசா ஒரு சவ்வுத்துண்டு, பின்னாடி முட்டுக் குடுக்க குருத்தெலும்பு. எந்த கம்பெனி மெஷின்னு கேக்கறத விட, மோட்டார எங்க சாய்க்கப் போறீங்கன்னு கேளுங்க, அதுலதான் காசு வீணாகுதா இல்லையான்னு இருக்குது.

மூஞ்சி கோணறது நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு தடவ சுரண்டின காதுல மொகத்து நரம்பு மேல எலும்பு மூடி இல்லாமக் கூட இருக்கலாம், அதனால மொதல்ல சிடி ஸ்கேன், ஆபரேஷன்ல நரம்பு மானிட்டர் கட்டாயம்.

இன்னொண்ணு, எலும்பச் சுரண்டின எடத்த தொறந்த பள்ளமா வுட்டிருந்தாங்கன்னா மெல்லிசுத் தோலுக்கு அடியில இருக்கிற ஒயர் நாளடைவுல வெளிய எட்டிப் பாக்கலாம். அதுக்கு ஒயர குருத்தெலும்பால மூடுவாங்க, இல்லைன்னா அந்தப் பள்ளத்துத் தோல முழுசா எடுத்து, வயித்துக் கொழுப்ப வெச்சு ரொப்பி, காது ஓட்டையவே தெச்சு மூடிருவாங்க. கேக்க பயமா இருக்கும், ஆனா நாத்தம் வர்ற தொல்ல அதோட தீரும். உள்ள சீக்கு வளருதான்னு பாக்க பின்னால எம்ஆர்ஐ வேணும், எவ்வளவு காந்த பலமுள்ள எம்ஆர்ஐக்கு மெஷின் தாங்கும்னு எழுத்துல வாங்கிக்குங்க.

ஆபரேஷன் முடிஞ்சு 6 – 8 வாரம் கழிச்சுத்தான் ஆன் பண்ணுவாங்க.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி ஆடியோகிராம்ல, அதான் காது கேக்கற சோதனைச் சீட்டுல, எலும்பு வழிக் கோடு (உள்காதோட சக்தியக் காட்டுற கோடு) எங்க நிக்குதுன்னு பாக்கணும். 500 ஹெர்ட்ஸ்ல 45, 1000ல 50, அதுக்கு மேல ஹெர்ட்ஸ்ல 65 டெசிபெல்லத் தாண்டிப் போயிருந்தா இந்த மெஷின் பத்தாது. தறிச் சத்தம் கெடுக்கறது அந்தக் கோட்டத்தாங்க, அதனால தறிக்குப் போறப்ப பிராசஸரக் கழட்டி வெச்சுட்டு காதடைப்பு போடுங்க, வலது காதுக்கும் சேத்துத்தான். என்னக் கேட்டா, தலையில பட்டை கட்டிக்கிற எலும்பு வழி மெஷின ஒரு வாரம் வாங்கிப் போட்டுப் பாருங்க, அதுலயே திருப்தின்னா கத்திக்கு என்ன அவசரம்.

பழைய ஆபரேஷன் சீட்டு ரெண்டும் பீரோவுல எங்காச்சும் கெடக்கும், தேடி எடுத்துட்டுப் போங்க, அங்கவடி எலும்ப வுட்டு வெச்சாங்களா எடுத்தாங்களான்னு அதுல ஒரு வரி எழுதியிருப்பாங்க.