லாகரை மாட்டும் முதல் பத்து நிமிடம்: கேள்வி பதில்

ஆலைகளில் மின் தணிக்கை செய்வது என் தொழில். மின் பேனலுக்குள் மின்னழுத்தத்துக்கு நான்கு கிளிப், மின்னோட்டத்துக்குக் கம்பியைச் சுற்றி மூன்று கிளாம்ப் மாட்டி, ஒரு வாரம் கழித்து வந்து கழற்றும், மின் அளவுகளைப் பதிவு செய்யும் கையடக்க டேட்டா லாகர்தான் என் பிழைப்புக் கருவி. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: அடிபடுவதும் அளவு கெடுவதும் பெரும்பாலும் மாட்டும் நேரத்தில்தான். அதனால் அந்தக் கேள்விகளுக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் வரும்.

நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். லாகர் மாட்ட லைனை நிறுத்த வேண்டும் என்றால், "உற்பத்தி போய்விடும், அப்படியே மாட்டுங்கள்" என்கிறார் மேலாளர். என்ன செய்வது, ஐயா?

முடியாது என்று சொல்லுங்கள். பஸ்பாரில் (பேனலுக்குள் மின்சாரம் பாயும் தடித்த உலோகப் பட்டை) கிளிப் நழுவி இரண்டு ஃபேஸைத் தொட்டால் வருவது வெறும் ஷாக் அல்ல. வெடிப்பு போன்ற மின்வில் தீ முகத்துக்கு நேரே வரும். அந்த நேரத்தில் கையில் ரப்பர் கையுறை மட்டும் இருந்து பயனில்லை.

ஆனால் வெறுமனே மறுத்தால் மேலாளர் கேட்கமாட்டார். நான் செய்வது இது: ஷிஃப்ட் மாறும் நேரத்தையோ வார விடுமுறை நாளையோ பார்த்து, பத்தே நிமிடம் கேட்பேன். பத்து நிமிடம் போதும் என்று தைரியமாகச் சொல்ல வேண்டுமானால், முந்தைய நாளே பேனலைத் திறக்காமல் வெளியிலிருந்து படம் எடுத்து, லாகரின் எந்த நிற ஒயர் எங்கே போகும் என்று காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்ட பிறகும் கையை வைக்காதீர்கள். மீட்டரை முதலில் லைன் (மின்சாரம்) இருக்கும் வேறு ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மீண்டும் லைன் இருக்கும் இடத்தில். நடுவில் பூஜ்யம் காட்டியது மீட்டர் செத்ததால் அல்ல என்று அப்போதுதான் உறுதியாகும். நியான் டெஸ்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அதே பஸ்பாரில் கெபாசிட்டர் பேங்க் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களின் தொகுப்பு) இருந்தால் அது வடிய ஐந்து நிமிடமாவது விட்டு, பிறகும் அளந்து பாருங்கள். மின்வாரியத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எந்த வரிசையில் மாட்ட வேண்டும், அண்ணா? ஒவ்வொருவரும் ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

முதலில் ஒயரைக் கருவியில் செருகுங்கள், பிறகுதான் லைன் பக்கம் கிளிப். தலைகீழாகச் செய்தால் கையில் தொங்கும் பிளக் முனையில் 230 வோல்ட் நிற்கும். லைன் பக்கத்தில் எர்த் இருந்தால் அது முதலில், அடுத்து நியூட்ரல், கடைசியில் ஃபேஸ்கள். கழற்றும்போது இதற்கு நேர் எதிர்: ஃபேஸ்கள் முதலில், அடுத்து நியூட்ரல், எர்த் இருந்தால் அது கடைசியில், கருவியின் பிளக்குகள் அதற்கும் பிறகு.

பாலிடெக்னிக்கில் ஆசிரியராக இருக்கிறேன். கருவியில் "600 வோல்ட் கேட் 4, 1000 வோல்ட் கேட் 3" என்று அச்சிட்டிருக்கிறது. 415 வோல்ட் லைனுக்கு எதற்கு இரண்டு எண்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

வோல்ட் ஒரு பாதிதான், சார். மறுபாதி, அந்த இடத்தில் திடீரென்று எழும் மின்னழுத்த அலை எவ்வளவு பெரிது, அதன் பின்னால் எவ்வளவு ஆம்பியர் பாயக்கூடும் என்பது. மின்னல் விழுந்தாலோ பெரிய லோடு துண்டிக்கப்பட்டாலோ அந்த அலை எழும். ஐஇசி 61010 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் இதை இடத்தை வைத்து "கேட்" (கேட்டகரி) வகைகளாகப் பிரிக்கிறது. மின்வாரிய இணைப்பு கட்டடத்துக்குள் நுழையும் இடம் கேட் 4, உள்ளே இருக்கும் விநியோக பேனல் கேட் 3, சுவர் பிளக்கில் செருகும் சாதனங்கள் கேட் 2. நீங்கள் சொன்ன இரண்டு எண்களும் ஒரே 8,000 வோல்ட் அலையைத் தாங்கும் சோதனையைக் குறிப்பவை. கருவி ஒன்றுதான், இடம் மாறும்போது அனுமதிக்கும் வோல்ட் மாறுகிறது.

மாணவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: கருவி கேட் 4 ஆக இருந்து, கடைத்தெருவில் வாங்கிய கிளிப் கேட் 2 ஆக இருந்தால், மொத்த அமைப்பும் கேட் 2தான். விலையுயர்ந்த லாகரில் மலிவான குரோக்கடைல் கிளிப்பை நான் பார்த்த இடங்களுக்குக் கணக்கில்லை.

மாட்டிவிட்டேன். ஆனால் ஒரு ஃபேஸில் கிலோவாட் மைனஸில் வருகிறது. கருவி பழுதா?

பழுது இல்லை, தம்பி. அந்தக் கிளாம்ப் திரும்பியிருக்கிறது. அதன் மேலுள்ள அம்புக்குறி லோடு இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மைனஸ் என்று தெரிந்தது உங்கள் அதிர்ஷ்டம். எனக்கு அது தெரியாமல் போனது. தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆலையில் மொத்தக் கிலோவாட்டை மட்டும் பார்த்துவிட்டு ஏழு நாள் பதிவு செய்தேன். மூன்றில் ஒரு கிளாம்ப் திரும்பியிருந்தது. சம லோடில் ஒன்று திரும்பினால் மூன்று கூட்டலுக்குப் பதில் இரண்டு கூட்டல், ஒரு கழித்தல். ஆகவே உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் காட்டும். "எங்கள் இயந்திரங்கள் இவ்வளவு சிக்கனமா!" என்று முதலாளி மகிழ்ந்துபோனார். இரண்டாம் முறை என் செலவில் போய் மாட்டினேன்.

இரண்டு கிளாம்புகளின் இடம் மாறிவிட்டால், அதாவது ஆர் ஃபேஸ் கிளாம்ப் ஒய் ஃபேஸிலும் ஒய் கிளாம்ப் ஆரிலும் போனால், சம லோடில் மொத்தம் ஏறக்குறைய பூஜ்யம் வரும். அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத திருடன் வேறு. மூன்று கிளாம்பும் ஒரு திசையில் ஓர் இடம் தள்ளிப்போய், மூன்றும் தலைகீழாகவும் மாட்டப்பட்டால், 0.80 பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.92 ஆகத் தெரியும். யாருக்குச் சந்தேகம் வரும்? மோட்டார் மட்டுமே ஓடும் ஃபீடர் (பேனலிலிருந்து பிரியும் மின்வழி) லீடிங் (மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்துவது) என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், கெபாசிட்டர் எதுவும் இல்லாத இடத்தில், மாட்டிய விதத்தில்தான் கோளாறு. இந்த ஒரு சோதனைக்காகவே, மாட்டியவுடன் மூன்று ஃபேஸின் எண்களையும் தனித்தனியே பார்த்து, பேனலில் இருக்கும் மீட்டரோடு ஒப்பிட்ட பிறகுதான் நான் இடத்தைவிட்டு நகர்வேன்.

எங்கள் பேனலில் 400/5 சிடி (400 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஒயரைக் கழற்றி லாகரில் கொடுக்கலாமா?

கூடாது, கூடவே கூடாது. லோடு ஓடும்போது சிடியின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தால், முதல் பக்க மின்னோட்டம் முழுவதும் இரும்பைக் காந்தமாக்கப் போய், திறந்த முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். ஆளும் போவார், சிடியும் போகும். ஒயரைக் கழற்றாமலே அதன் மேல் 5 ஆம்பியர் சிறு கிளாம்பைப் போடுங்கள், விகிதம் 80 என்று அமையுங்கள். மின்வாரிய சீல் உள்ள மீட்டர் பெட்டிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதற்கு அவர்கள் அனுமதியும் ஆளும் வேண்டும்.

வளையும் காயில் நல்லதா, கடிக்கும் கிளாம்ப் நல்லதா?

இடத்தைப் பொறுத்தது. வளையும் காயிலுக்கு ரோகோவ்ஸ்கி என்று பெயர். உள்ளே இரும்பு இல்லை, அதனால் எத்தனை ஆயிரம் ஆம்பியர் வந்தாலும் திணறாது, நெருக்கமான பஸ்பாருக்கும் சுற்றலாம். ஆனால் 3,000 ஆம்பியர் காயிலை வைத்து 5 ஆம்பியர் விளக்குச் சுற்றை அளந்தால் வருவது வெறும் இரைச்சல். அங்கே சிறு கிளாம்ப் போடுங்கள். காயிலின் இரண்டு முனை சேரும் பூட்டை அடுத்த கம்பியிலிருந்து விலக்கி வையுங்கள், அங்கேதான் பிழை அதிகம். சோலார் பக்க டிசி மின்னோட்டத்தைக் காயில் அறியவே அறியாது. பல காயில்களில் மேல் உறை தேய்ந்தால் உள்ளே வேறு நிறம் தெரியும். அந்த நிறம் தெரிந்த நாளே அதைத் தூக்கிப் போட வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் இருக்கிறேன். எத்தனை நொடிக்கு ஒரு முறை பதிவு செய்ய வேண்டும்?

எதற்காக அளக்கிறீர்கள்? டிமாண்ட் கட்டணத்துக்காக (உச்ச லோடை வைத்து வாங்கும் கட்டணம்) என்றால், உங்கள் மின் கட்டண விதியில் எத்தனை நிமிடச் சராசரி என்று இருக்கிறதோ அதையே வையுங்கள். பம்ப் மோட்டார் கிளம்பும்போது விளக்கு மங்குகிறது என்பது புகார் என்றால், சராசரி உதவாது. நேரடியாகக் கிளம்பும் மோட்டார் சில நொடிகள் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். பத்து நிமிடச் சராசரியில் அது கரைந்துவிடும். உச்ச, குறைந்த மதிப்பையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். நொடிக்கு ஒன்று என்றால் ஏழு நாளில் 6,04,800 வரிகள், பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 1,008. நினைவகம் தாங்குமா என்று முன்பே பாருங்கள்.

சித்திரை வெயிலில் பேனலுக்குள் வைத்த லாகர் பாதியில் நின்றுவிட்டது.

மூடிய பேனலுக்குள் 50 டிகிரி தாண்டுவது எளிது, பல கருவிகளின் எல்லையே அதுதான். கருவியை வெளியே வைத்து, ஒயர் மட்டும் உள்ளே போகட்டும். கதவின் விளிம்பில் ஒயர் நசுங்கக் கூடாது. கதவு முழுதாக மூடாது என்பதால் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகையும் தொங்கவிடுங்கள். நூற்பாலை என்றால் பஞ்சுத் தூசி காற்றுத் துளையை அடைக்கும், அதையும் கவனியுங்கள்.

எட்டு மாதம் அலமாரியில் கிடந்தது. இப்போது ஆன் ஆகவில்லை.

லித்தியம் பேட்டரியை முழுக்கக் காலியாக விட்டால் அப்படித்தான். பாதி சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம், மாற்றுங்கள். உயிர் வந்ததும் முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். தேதி தவறிய பதிவை மின் கட்டண ரசீதோடு ஒப்பிடவே முடியாது.

எதைக் கொண்டு துடைப்பது? அளவுத்திருத்தம் எப்போது?

எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, லேசாக ஈரமான துணி. தின்னர், பெட்ரோல் வேண்டாம். கிளாம்பின் தாடை சேரும் இரும்பு முகத்தில் தூசியோ துருவோ இருந்தால் அளவு குறையும், அதை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். ஒயரில் உள்ள ஃபியூஸ் போனால் அதே ரகம், அதே அளவு. கம்பி முறுக்கிப் போடுபவர்களோடு நான் வேலை செய்வதில்லை. அளவுத்திருத்தம் ஆண்டுக்கு ஒரு முறை, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில். கிளாம்ப்களையும் சேர்த்து அனுப்புங்கள், பலர் பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டுச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கிறார்கள்.