டப்பாவின் அடியைப் பாருங்கள்: குழந்தைப் பால்பவுடர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பால்பவுடரைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

வெளிநாட்டில் பால்பவுடரில் கிருமி இருந்ததால் கம்பெனி திரும்பப் பெறுகிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. என் நான்கு மாதக் குழந்தைக்கு அதே கம்பெனி பவுடர்தான் கொடுக்கிறேன். நிறுத்தி விடவா?
– வாசகி, செங்கோட்டை

வீடியோவை நம்பி நிறுத்த வேண்டாம். டப்பாவின் அடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் கம்பெனியின் எல்லா டப்பாவையும் திரும்பப் பெறுவதில்லை. எந்த ஆலையில் தயாரானது, எந்த பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுப்பு) என்பதுதான் கணக்கு. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அபாட் நிறுவனம் சிமிலாக் உள்ளிட்ட பவுடர்களைத் திரும்பப் பெற்றபோது, மிச்சிகன் மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரிலுள்ள ஆலையில் தயாரானவைதான் அதில் வந்தன. குரோனோபேக்டர் என்ற கிருமி அங்கே பிரச்சினை. பச்சைக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய்விடும் கிருமி அது.

உங்கள் டப்பாவில் பேட்ச் நம்பர், தயாரான தேதி, ஆலை முகவரி மூன்றும் இருக்கும். போனில் படம் எடுத்துக்கொண்டு, டப்பாவிலேயே உள்ள வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். திரும்பப் பெறும் பேட்ச் என்று தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் மூடி, தனியாக எடுத்து வையுங்கள். பணம் திரும்பக் கேட்கவும், பவுடரைச் சோதிக்கவும் அதுதான் சாட்சி. வேறு பவுடருக்கு மாற டாக்டரைக் கேளுங்கள். பயத்தில், கையில் இருக்கிற பவுடரில் தண்ணீரைக் கூட்டிக் கொடுப்பதும், ஒரு வயதுக்கு முன்னால் பசும்பாலுக்கு மாற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

டப்பா இடத்தை அடைக்கிறது என்று பவுடரை சில்வர் டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டேன். பழைய டப்பா, பழைய சாமான் வாங்கும் ஆக்கர்கடைக்குப் போய்விட்டது. இரண்டு நாளாகக் குழந்தை வாந்தி எடுக்கிறது. பவுடர் காரணமாக இருக்குமா?
– களியக்காவிளை

இதைப் படிப்பதற்கு முன்பே குழந்தையை டாக்டரிடம் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பவுடர் காரணமா என்று இனி யார் சொல்ல முடியும்? பேட்ச் நம்பரை ஆக்கர்காரரிடம் கொடுத்துவிட்டீர்கள். இதையே இன்னொரு விதத்தில் செய்கிறவர்களும் உண்டு. அட்டைப்பெட்டியில் வரும் பாக்கெட்டை வாங்கிப் பழைய டப்பாவில் நிரப்புகிறார்கள். டப்பாவில் ஒரு நம்பர், உள்ளே இருப்பது வேறு. பெட்டியிலிருந்து பேட்ச் நம்பர் உள்ள பகுதியை வெட்டி டப்பாவில் ஒட்டி வைக்கக் கை வலிக்குமா?

பிறந்த குழந்தைக்கு நாக்கில் சேனை தொட்டு வைக்க நல்ல மலைத்தேன் எங்கே கிடைக்கும்?
– குமுளி

எங்கேயும் வாங்க வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்து குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். மலைத்தேன் ஆனாலும் அப்படித்தான்.

துபாயில் இருக்கும் மச்சான் லீவுக்கு வரும்போது பெட்டி நிறைய பால்பவுடர் கொண்டுவருகிறார். வெளிநாட்டுச் சரக்கு என்பதால் பயமில்லாமல் கொடுக்கலாம்தானே?
– கொழிஞ்சாம்பாறை

வெளிநாடு என்பதற்காகப் பயம் போகாது. 2017 டிசம்பரில் பிரான்சின் லக்டாலிஸ் நிறுவனப் பவுடரில் சால்மொனெல்லா கிருமி இருந்தது. அந்தச் சரக்கு 83 நாடுகளுக்குப் போயிருந்தது. அங்கே திரும்பப் பெற்றால் அறிவிப்பு அங்கேதான் வரும், கொழிஞ்சாம்பாறைக்கு யாரும் வந்து சொல்லமாட்டார்கள். மச்சானைப் பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், அந்த நாட்டு அறிவிப்புகளைப் பார்க்கவும் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. அந்தந்த டப்பாவிலுள்ள அளவுக் கரண்டியை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பிரசவம் ஆன தனியார் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பால்பவுடர் டப்பாவை இலவசமாகக் கொடுத்தார்கள். இப்போது தாய்ப்பால் குறைந்துவிட்டது, அதே பவுடரை விலைக்கு வாங்குகிறோம்.
– தேவிகுளம்

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மா. பல வருடமாக இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதி வருகிறேன், இன்னொரு முறை எழுதுவதில் எனக்குச் சலிப்பில்லை.

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். முதல் நாட்களில் புட்டியைக் கொடுத்தால் சப்புவது குறைகிறது, சுரப்பு குறைகிறது, பிறகு பவுடர் இல்லாமல் முடியாது என்ற நிலை வருகிறது. மாதிரி டப்பா தருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் 1992இலேயே நம் நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2003இல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது, மாதிரி கூடாது, தள்ளுபடி, பரிசு கூடாது, ஆஸ்பத்திரியில் போஸ்டர் கூடாது, டப்பாவில் தாய், சேய் படம் கூடாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. ஐயாயிரம் ரூபாய் அபராதம் யாரைப் பயமுறுத்தும்? அந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பவுடர் தேவைப்படுகிற குழந்தைகள் உண்டு, அதை டாக்டர் காரணத்தோடு சொல்லட்டும். வாசலில் பையில் போட்டுக் கொடுப்பது வைத்தியம் அல்ல, வியாபாரம். டப்பாவைப் படம் எடுத்து, தேதியோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். தாய்ப்பால் திரும்ப ஊற வழி உண்டு. குழந்தை நல டாக்டரைக் கேளுங்கள்.

இரவில் மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது. பாலைக் கலந்து பிளாஸ்க்கில் வைத்துக்கொள்ளலாமா?
– மூணாறு எஸ்டேட்

கூடாது. இளஞ்சூட்டில் கிருமி பெருகும். கொதித்த தண்ணீரைப் பிளாஸ்க்கில் வையுங்கள், பவுடர் தனியாக இருக்கட்டும். பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல, அதனால் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கலந்தபின் ஆற வைத்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள்.

புனலூரில் ஒரு மருந்துக்கடையில் பால்பவுடர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலாவதித் தேதி மேல் ஸ்டிக்கர், உரித்தால் பழைய தேதி. கடைக்காரர் ‘பில் எங்கே’ என்கிறார். அவர் பில்லே தரவில்லை.
– லாரி டிரைவர், தென்காசி

இதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒருமுறை அதே ஊரில் நான் வாங்கிய கிரைண்டர் ஒரு மாதத்தில் புகைந்தது. கடைக்காரர் ‘கேரளாவில் வந்து கேஸ் போடு’ என்றார். அப்போது சட்டமும் அப்படித்தான் இருந்தது. இப்போது இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பில் தராததும், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். ஸ்டிக்கரை உரித்த இடத்தைத் தெளிவாகப் படம் எடுங்கள். கொல்லம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள், ஏனென்றால் அந்தக் கடையில் அதே மாதிரி டப்பா இன்னும் இருக்கலாம். 5 லட்சம் ரூபாய்க்குள்ளான புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு ‘வளரும் பிள்ளைகள்’ பவுடர் அவசியமா?
– கம்பம்

அவசியமில்லை. இட்லி, பருப்பு சாதம், முட்டை, காய்ச்சிய பால் போதும்.